ஓய்வு நேரக் கைவேலை: சிறு ரயிலுக்கு ஒரு தெரு

சிறு ரயில் அமைப்பதில் ஈடுபாடுடைய அன்பர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் உளர். தண்டவாளம் பதிப்பதையும், மின்னிணைப்புத் தருவதையும், நிலையம் கட்டுவதையும் பற்றி இப்பகுதியில் முன்னரே எழுதியிருக்கிறோம். இம்மாதம் தெருவை எடுத்துக்கொள்வோம். நாம் கண்ட மேஜைகளில் பெரும்பாலானவற்றில் மிகுந்த சிரத்தை பெற்றது எஞ்சின். சிறிதும் சிரத்தை பெறாதது தெரு. எஞ்சினின் விளக்கு எரிகிறது. பெட்டிகளின் ஜன்னல் கம்பிகள்கூடச் சரியாக இருக்கின்றன. நிலையத்தின் வாயிலைத் தாண்டியதும் கறுப்புக் காகிதத்தில் ஒரு பட்டை; அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடு; அதற்குப் பெயர் சாலை! நடைபாதை என்ற ஒன்று அங்கே அநேகமாக இருப்பதில்லை. இருந்தாலும், மோட்டார் வண்டியின் ஜன்னல் மட்டத்துக்கு உயர்ந்த தடித்த அட்டை ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதன் மீது நிற்கும் பொம்மை மனிதர் கீழே இறங்க விரும்பினால் ஏணிதான் கொண்டு வர வேண்டும்.

இதனைச் சிறு குறையென்று தள்ளிவிட முடியாது. ரயில் வண்டி சில விநாடிகளில் கண்ணைக் கடந்து போய்விடுகிறது. அது போன பின்னரும் கண் தங்கி நிற்குமிடம் தெருவே. அன்றியும், எஞ்சினின் உயரம் எத்தனை அடி என்று கேட்டால் ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நம்மிலேயே பலர் விழிப்போம். நடைபாதைப் படியின் உயரத்தையோ நம் கால்கள் நன்கு அறியும். நாள்தோறும் ஏறி இறங்கிய பொருளாதலால் அதில் சிறிது பிசகினாலும் பார்ப்பவர் மனம் உடனே ஒப்பாது. எங்கே பிழை என்று அவரால் சொல்ல முடியாமற் போகலாம். 'பொம்மைதானே' என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவார்.

இக்கலையில் பெயர் பெற்றோர் தெருவை எவ்வளவு மதித்தனர் என்பதற்கு அமெரிக்க நாட்டு ஜார்ஜ் செலியோஸ் ஒருவரே போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பீபடி என்னும் ஊரில் அவர் அமைத்த சிறு ரயில் உலகம், 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து நகரமொன்றைக் காட்டுவது. நெருங்கி நிற்கும் கட்டடங்களும், உரிந்து தொங்கும் விளம்பரத் தாள்களும், குப்பை சேர்ந்த நடைபாதைகளுமே அதன் புகழுக்குக் காரணம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001 இல் திறக்கப்பெற்ற மினியாத்தூர் வுண்டர்லாண்டு என்னும் காட்சிக்கூடத்தில், ரயில்களைப் போலவே சாலை வண்டிகளும் தாமாக ஓடுகின்றன. நம் நாட்டிலும் புனே நகரத்துக் கோத்ரூடு பகுதியில் 1998 இல் திறக்கப்பெற்ற ஜோஷி அவர்களின் சிறு ரயில் காட்சிக்கூடம் உண்டு. விடுமுறையில் அவ்வழியே செல்லும் அன்பர்கள் குழந்தைகளை அழைத்துச் சென்று காட்டலாம்.

நம்மவர் தெருவைச் செய்ய முற்படும்போது நேரும் இடையூறு ஒன்றுண்டு. விலைக்குக் கிடைக்கும் அச்சிட்ட சாலைத் தாள்களும், வார்ப்பு நடைபாதைகளும் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தெருக்களை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. அவற்றை ஒட்டி, அவற்றின் மீது நம் மஞ்சள் டாக்ஸியையும் கைவண்டியையும் நிறுத்தினால், இரவல் வீட்டில் குடியேறியவரைப் போல அவை விழித்துக்கொண்டு நிற்கும். ஆகையால் தெருவை மட்டுமாவது நாமே அளந்து, நாமே செய்வது நலம். எந்தத் தெருவை என்பதற்கும் நாம் ஒரு யோசனை சொல்கிறோம். கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நன்கறிந்தது லேக் மார்க்கெட்டு. (2001 முதல் நகரின் பெயர் கொல்கத்தா என மாறிவிட்ட போதிலும் பழகிய பெயர் நாவை விட்டுப் போக மறுக்கிறது.) அதன் முன்னே செல்லும் ராஷ்பிஹாரி அவென்யூவில் ஒரு நூறு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இத்தெருவைச் சொல்வதற்கு வெறும் பாசம் மட்டும் காரணமன்று. கணக்கும் ஒரு காரணம். நம்மிடம் புழங்கும் எச்.ஓ. அளவில் ஒவ்வொரு பொருளும் 87 இல் ஒரு பங்காகக் குறைகிறது. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. இது 1,435 மி.மீ. அகலமுள்ள பாதைக்கு உரியது. நம் அகல ரயில் பாதையோ 1,676 மி.மீ.; அதனை 87 ஆல் வகுத்தால் 19 மி.மீ. சற்று மேலாக வரும். ஆதலால் இந்திய ரயிலை எச்.ஓ. தண்டவாளத்தில் ஓட்டும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 3 மி.மீ. பொய்யைப் பொறுத்துக்கொண்டே ஓட்டுகின்றனர். கல்கத்தா டிராமின் பாதை மட்டும் சரியாக 1,435 மி.மீ. கடையில் வாங்கும் தண்டவாளம் ஒரு மயிரிழையும் பிசகாது பொருந்தும் தெரு நமக்கு அருகிலேயே இருக்கிறது!

மற்றொரு காரணமும் உண்டு. அதுவே நம்மை இப்போது எழுதத் தூண்டியது. சென்னையில் டிராம் 1953 இல் நின்றது. பம்பாயில் 1964 மார்ச்சு 31 ஆம் நாள் இரவோடு நின்றது. 1873 இல் குதிரைகளால் இழுக்கப்பெற்று, 1902 இல் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கிய கல்கத்தா டிராமே நாட்டில் எஞ்சியிருந்தது. எஸ்பிளனேடுக்கும் மைதானத்துக்கும் இடையிலுள்ள தடமொன்றைத் தவிர ஏனையவற்றை நிறுத்திவிடப் போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. ஒரு தெருவில் டிராம் நின்றால் பின்னர் நிகழ்வது யாவரும் அறிந்ததே. முதலில் மேற்கம்பி போகும்; பிறகு தண்டவாளத்தின் மேல் தார் விழும்; சில மழைக்காலங்களுக்குப் பின் அங்கே டிராம் ஓடியதென்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஹௌரா மெயிலில் வந்திறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு டிராமில் ஏறி, லேக் மார்க்கெட்டில் வாடகை அறை தேடிய பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கின்றனர். எந்த இடத்தில் இறங்கினார்கள், நடைபாதை எப்படி இருந்தது, எந்த மூலையில் கறிவேப்பிலை விற்றது என்பனவற்றை அவர்கள் சொல்லக் கேட்டு, அளவோடு செய்து வைக்க இதுவே தக்க தருணம்.

முதலாவதாக ஆண்டினை முடிவு செய்துகொள்ள வேண்டும். செலியோஸ் ஒரு காலத்தைத் தேர்ந்துகொண்டு, தெருவிலுள்ள ஒவ்வொன்றையும் அதற்கு அடங்கச் செய்தார். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும். இச்சாலையின் நடுவே பழைய நாளில் டிராமுக்கெனப் புல் படர்ந்த தனித்தடம் இருந்தது. பின்னர்த் தண்டவாளங்கள் சிமெண்டுக் காரையில் பதிக்கப்பெற்றுச் சாலையோடு சமமாயின. புல் தடம் போட்டுவிட்டு, நடைபாதை விளிம்பில் நீலமும் வெள்ளையும் தீட்டினால் இரண்டு காலங்கள் ஒரே தெருவில் மோதிக்கொள்ளும். ஏனெனில் அந்த நீலவெள்ளை, 2011 இல் ஆட்சி மாறிய பின்னர் வந்தது. அதற்கு முந்தைய காட்சியென்றால் கறுப்பும் வெள்ளையும் தீட்டலாம். அல்லது வெறுங் கல்லாகவே விடலாம். ராஷ்பிஹாரி முனையிலுள்ள காளிகாட் சுரங்க ரயில் நிலையம் 1986 இல் திறக்கப்பெற்றது; 1970இன் தெருவில் அதன் வாயிலைக் காட்டலாகாது. அம்பாஸடர் வண்டியின் உற்பத்தி 2014 இல் நின்றதாயினும், ஓடிய வண்டிகள் பின்னரும் பல ஆண்டுகள் ஓடின. ஆகவே அதற்குப் பிந்தைய தெருவிலும் அதனை நிறுத்தலாம். ஒருவரும் குறை சொல்லார்.

அடுத்தது அளவு. நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றே: நிஜத்தில் 1 மீட்டர், மேஜையில் 11½ மி.மீ. பழைய அடிக்கணக்கில் பழகியவர்கள் அடிக்கு 3½ மி.மீ. என்று கொள்க. நூறு மீட்டர் நீளத் தெரு 115 செ.மீ. ஆகும், ஒரு கட்டிலின் கீழே தள்ளிவைக்கும் பலகையில் அடங்கிவிடும். இடம் போதாதெனில் நீளத்தைக் குறைக்கலாம். இரண்டு கடைகளை விட்டுவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அகலத்தைச் சிறிது குறைக்கலாம். உயரத்தை மட்டும் எக்காரணங் கொண்டும் மாற்றலாகாது. நடைபாதையின் உயரம், வாசற்படி, கதவு, மனிதர் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்பவை. ஒன்று பொய்த்தால் மற்ற மூன்றும் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அளவெடுக்க ஞாயிறு விடியற்காலையே உகந்தது. கடைகள் விரியுமுன், வண்டிகள் பெருகுமுன் செல்ல வேண்டும். சாலையின் நடுவே நாடாவை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டா. காவலர் ஏதேனும் கேட்பார், வண்டியோட்டி அதைவிட மேலாகக் கேட்பார். நடைபாதையில் நின்று, பாவிய கல் ஒன்றினை அளந்து, மொத்தக் கற்களை எண்ணினால் அகலம் கிடைத்துவிடும். சாலையின் அகலத்தை, வீட்டிலேயே அளந்து பழகிய நம் காலடியால், கடக்கும் இடத்தில் கடந்து கணக்கிடலாம். பள்ளிச் சிறுவரின் 15 செ.மீ. அடிக்கோலை விளிம்புக்கல்லின் அருகே நிறுத்திக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டால் பிற்பாடு ஐயம் வரும்போது உதவும். இதற்குப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. நாள்தோறும் பள்ளிக்கு நடக்கும் அத்தெருவைப் பிள்ளைகள் முதன்முறையாகப் பார்ப்பது அன்றுதான்.

நேரில் அளக்க இயலாத இடங்களுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள நெறிகள் துணை புரியும். ஒரு வரிசை வண்டி செல்லும் அகலம் 3.5 மீட்டர், நமக்கு அது 40 மி.மீ. நடைபாதையில் தடையின்றி நடப்பதற்கான இடம் குறைந்தது 1.8 மீட்டர், நமக்கு 21 மி.மீ. விளிம்புக்கல்லின் உயரம் 150 மி.மீ. இற்கு மேற்படலாகாது, நமக்கு 1.7 மி.மீ. குறுக்கே கடக்கும் வரிக்கோடுகள் ஒவ்வொன்றும் 50 செ.மீ. அகலம், இடைவெளியும் அவ்வளவே. நமக்கு ஆறு மி.மீ. இற்குச் சற்றுக் குறைவு. பழைய தெருக்கள் இவ்விதிகளுக்கு முன்னரே பிறந்தவை. ஆதலால் கண் கண்டதற்கும் விதி சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் கண்ணையே நம்புக.

இனி வேலை. தண்டவாளத்தைப் பலகையில் பதித்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, தடையேதுமில்லை என்று உறுதி செய்துகொண்ட பின்னரே சாலையைத் தொட வேண்டும். காரைக்குள் புதைந்த பின் மின்கம்பியைத் திருத்த முடியாது. தண்டவாளத்துக்கு வெளிப்புறம், அதன் தலைமட்டத்துக்குச் சற்றுக் கீழே வருமாறு சன்போர்டை வெட்டி ஒட்டுக. உட்புறத்தை மெல்லிய அட்டையாலோ, பிளாஸ்டர் ஆப் பாரிஸ் குழைத்து நிரப்பியோ மூடலாம். இங்கே இரண்டு செய்திகள் முக்கியம். நிஜ டிராம் தண்டவாளத்திலுள்ள பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 4 செ.மீ.; கணக்குப்படி நமக்கு அரை மி.மீ. கூட வராது. சிறு வண்டிச் சக்கரத்தின் விளிம்போ அதனினும் பருத்தது. ஆகவே ஒன்றேகால் முதல் ஒன்றரை மி.மீ. வரை இடைவெளி விட்டே ஆக வேண்டும். காரை இறுகும் தறுவாயில் பழைய பெட்டியொன்றைக் கையால் முன்னும் பின்னும் உருட்டினால், சக்கரமே தனக்கு வேண்டிய வழியைச் செய்துகொள்ளும். இரண்டாவது, சாலையின் மேற்பரப்பு தண்டவாளத் தலையினும் கால் மி.மீ. அளவாவது தாழ்ந்திருக்க வேண்டும். தண்டவாளத்தை அவ்வப்போது தேய்த்துத் துடைக்காமல் டிராம் ஓடாது. தாழ்ந்திராவிடில் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் சாலையின் வண்ணமும் சேர்ந்து போய்விடும்.

டிராம் தடத்துக்கு இருபுறமுமுள்ள சாலையை மட்டமாக அமைத்தல் பலரும் செய்வது, அது தகாது. மழைநீர் வடிவதற்காக நிஜச் சாலை நடுவே உயர்ந்து ஓரங்களில் தாழ்கிறது. நூற்றுக்கு இரண்டு பங்கு சரிவென்பது வழக்கம். 40 மி.மீ. அகலத்துக்கு 0.8 மி.மீ. வீழ்ச்சி. தடத்தை ஒட்டிய பக்கத்தில் தபால் அட்டைக் கனமுள்ள பட்டைகளைக் கீழே கொடுத்துத் தூக்கினால் போதும். எண்ணிப் பார்த்தால் மிகச் சிறிய அளவு. ஆனால் மாலை வெளிச்சம் ஜன்னல் வழியே சாய்ந்து விழும்போது, மட்டமான சாலை மேஜையாகவே இருக்கும், சரிந்த சாலை சாலையாகிவிடும்.

நடைபாதைக்கு ஒன்றரை மி.மீ. அட்டை ஒன்று, அதன் மேல் ஒட்டிய வரைதாள் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் நாம் வேண்டும் 1.7 மி.மீ. கிடைத்துவிடும். விளிம்புக்கல்லை 3 மி.மீ. அகலப் பட்டையாகத் தனியே வெட்டி ஓரத்தில் ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கத்தி முனையால் கீறிக் கற்களாகப் பிரித்துக் காட்டுக. நடைபாதைத் தளத்தையும் மை தீர்ந்த பால்பாயிண்டுப் பேனாவால் கீறலாம். 60 செ.மீ. பலகைக்கல்லானால் 7 மி.மீ.க்கு ஒரு கோடு, 30 செ.மீ. ஓடானால் 3½ மி.மீ.க்கு ஒன்று. கோடுகள் முழுவதும் நேராக வந்துவிட்டால் அது கல்கத்தா நடைபாதையாக இராது. வேர் தூக்கிய இடத்தில் இரண்டு கற்களைச் சற்றே சாய்த்து ஒட்டுக. குழாய் பழுதுபார்க்கத் தோண்டிய இடத்தில் கற்களை எடுத்துவிட்டுக் காரை பூசியதாகக் காட்டுக. வீட்டு வாயிலுக்கு வண்டி ஏறும் இடங்களில் விளிம்பு தாழ வேண்டும். தெருமுனையில் விளிம்பு வளைந்து திரும்ப வேண்டும். அங்கே செங்கோணமாக வெட்டி விடுவோர் பலர்.

பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகளுக்கு நாம் கண்ட எளிய வழியைச் சொல்கிறோம். அலுவலகங்களில் கோப்புக்குத் துளையிடும் கருவியிலிருந்து விழும் வட்டத்துண்டு ஏறக்குறைய 6 மி.மீ. விட்டமுடையது, நிஜத்தில் அது அரை மீட்டருக்குச் சற்று மேல். தடித்த தாளில் துளையிட்டு, விழுந்த வட்டத்தில் ஊசியால் கட்டங்கள் கீறி, காரீயப் பென்சிலால் தேய்த்தால் இரும்பாகிவிடும். ஒரு மூடி மட்டும் சாலை மட்டத்துக்குச் சிறிது கீழே அமுங்கியிருக்கட்டும். நடைபாதை ஓரத்தில் வடிகால் கம்பி வலையும், வடிகட்டாத கங்கை நீர் பீறிட்டு வரும் இரும்புக் குழாயும் கல்கத்தாவுக்கு அடையாளம். அந்நீரில் தெரு கழுவப்படுவதும் பலர் குளிப்பதும் இந்நகரில் வளர்ந்த எவரும் மறவாத காட்சி. குழாயைச் சுற்றியுள்ள கற்களில் சிறிது வார்னிஷ் தடவினால் ஈரமாகத் தோன்றும்.

வண்ணம் தீட்டுவதில்தான் பெரும்பாலான தெருக்கள் கெட்டுப் போகின்றன. தார்ச் சாலை கறுப்பன்று. போட்ட சில வாரங்களுக்கு மட்டுமே அது கறுப்பு. பின்னர் வெயிலும் புழுதியும் சேர்ந்து அதனைச் சாம்பல் நிறமாக்கிவிடுகின்றன. போதாக்குறைக்கு, வீட்டு விளக்கொளியில் சிறு பொருள்கள் உள்ளதைக் காட்டிலும் இருண்டு தோன்றுபவை. எனவே வெள்ளையில் கறுப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒரு துளி செம்மண் நிறமும் கலந்து, 'இது மிகவும் வெளுப்பாயிற்றே' என்று தோன்றுமிடத்தில் நிறுத்துக. டிராம் தடத்தின் சிமெண்டுக் காரை அதனினும் வெளிறியது. தண்டவாளத்தை ஒட்டி, இரும்புத் தூள் படிந்த துருநிறம் ஒரு கோடாகச் செல்லும். நிறுத்தங்களின் அருகே அது மிகும். பஸ் நிற்குமிடத்தில் எண்ணெய்க் கறை. குழி தோண்டி மூடிய ஒட்டுகள் மட்டும் கறுப்பாக இருக்கலாம். அவற்றைச் சதுரமாக, ஆனால் சாலையோடு சற்றே கோணலாக இடுக. பளபளப்புள்ள வண்ணம் அறவே கூடாது. காய்ந்த பின் சாம்பல் நிறச் சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லிய தூரிகையால் தடவி, ஓரங்களில் சிறிது கோலப்பொடியைத் தூவிவிட்டால் புழுதி தானாகவே வந்து சேர்ந்துவிடும்.

தெரு முடிந்த பின் ஒரு கேள்வி எழும். நடைபாதைக் கடைகளை வைப்பதா, வேண்டாவா? காட்சி அழகாக இருக்க வேண்டுமென்று சிலர் நடைபாதையை வெறுமையாக விட்டுவிடுகின்றனர். நமக்கு அது உடன்பாடன்று. இச்சாலையில் கடைகளின்றி நடைபாதை இருந்ததென்றால், 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரால் கடியாஹாட்டு முதலிய இடங்களில் கடைகளை அகற்றிய வேளையைத்தான் சொல்ல வேண்டும். அவர்களும் மீண்டும் வந்தனர். தெருவில் விற்போரின் வாழ்வுக்குப் பாதுகாப்பளிக்க நாடாளுமன்றம் 2014 இல் சட்டமே இயற்றியது. நடைபாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடை பரவலாகாது என்பது இந்நகரத்து விதி. அது எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகிறது என்பதைக் காய்கறிப் பையோடு அங்கே நடக்கும் நம் சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள். சிறு தெருவில் கடைகளை வைக்க. மூன்றில் ஒரு பங்கா, பாதியா என்பதை நேரில் கண்டபடி வைக்க. வாழையிலையும் முருங்கைக்காயும் பூச்சரமும் விற்கும் அந்தச் சாக்குப் படுதாக்கள் இல்லாமல் லேக் மார்க்கெட்டு எப்படி லேக் மார்க்கெட்டாகும்? நம்மவர் பலர் வங்காள மொழியின் முதற்பாடத்தைக் கற்றதும் அப்படுதாக்களின் முன்னே குந்தியிருந்து பேரம் பேசியபோதுதானே!

இப்பகுதிக்கு வேண்டிய சரக்கு சமையலறையிலேயே இருக்கிறது. கேழ்வரகு ஏறக்குறைய 1⅓ மி.மீ.; நிறமும் அளவும் உரித்த தேங்காய்க்கு அப்படியே பொருந்தும். கடுகுக்குப் பச்சை வண்ணம் கொடுத்தால் இளநீர்க் குவியல். கசகசா, தேநீர்க் கடையின் மண் குவளை. வண்ணக் கோலப்பொடியைச் சிறு கூம்புகளாகக் குவித்தால் உதிரிப்பூ. காய்ந்த தேயிலைத் தூள் மரத்தடி மண்ணுக்கு உகந்தது. தானியங்களை முதலில் வெறும் வாணலியில் வறுத்து, ஒட்டிய பின் வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். இல்லையெனில் கல்கத்தாவின் மழைக்காலத்தில் வண்டு வைத்துவிடும், எறும்பும் குடும்பத்தோடு வந்துவிடும். கடைகளின் மேற்கூரைக்கு நீலப் பாலித்தீன் பை. சிறு மனிதர்கள் அயல்நாட்டிலிருந்து தொப்பியும் கோட்டுமாக வருவார்கள். தொப்பியைச் சீவிவிட்டு, பசை தோய்ந்த மெல்லிய தாளை இடையில் சுற்றினால் வேட்டியும் ஆகும், சேலையும் ஆகும். மனிதரின் உயரம் 19 மி.மீ., கதவின் உயரம் 24 மி.மீ. என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்க.

டிராமுக்காகக் காத்திருப்போரை நடைபாதையில் நிறுத்துக. வண்டி சாலை நடுவே நிற்கும். இறங்கியவர்கள் இடக்கைப் பக்கம் பார்த்து, ஒரு கையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தியபடி நடைபாதைக்கு வர வேண்டும். அந்த நாலைந்து மீட்டர் நடையே டிராம் தெருவின் உயிர்நிலை. ஆகவே இரண்டு மூன்று பேரையாவது சாலையின் குறுக்கே, பாதி வழியில் வைத்துவிடுக. ஒருவர் தலையில் தகரப் பெட்டி இருந்தால் நம் பெரியவர்களுக்கு இன்னாரென்று தெரிந்துவிடும். குறுக்குத் தெருவுக்குள் ஒரு வாயிற்படி தெரியுமானால், அதன் முன் வெள்ளைப் பென்சிலால் 7 மி.மீ. அகலத்தில் ஒரு கோலமும் போட்டு வைக்கலாம்.

மேற்கம்பியையும், அதைத் தாங்கும் கம்பங்களையும் பற்றி இங்கே நாம் ஒன்றும் சொல்லவில்லை. கம்பங்கள் நடைபாதையிலேயே நிற்பவையாதலால், விளிம்புக்கல்லை ஒட்டி அவற்றுக்குரிய துளைகளை இப்போதே இட்டுவைப்பது நல்லது. எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பதை அளவெடுக்கச் செல்லும் அந்த ஞாயிறன்றே குறித்துக்கொள்க. கம்பங்களை அடுத்த இதழில் நடுவோம்.